ஏழாவது கொல்லை

விதை முளைக்கவில்லை என்று ஏழு வீட்டார் கொடுத்த மனுவுக்காக வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். உச்சி வெயிலில் சின்னபொண்ணுவின் ஒரு ஏக்கர் கொல்லையில் இறங்கி நூறு குழிகளைத் தானே குனிந்து குனிந்து எண்ணினார். அறுபத்து நாலு குழியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி இருந்தது. முப்பத்தாறு குழியில் வெறும் மண். "அறுபத்து நாலு சதவீதம் மொளைச்சிருக்கு. எழுபது இருக்கணும். ஆறுதான் கம்மி. மழை சரியில்லாம கூட இருக்கலாம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தப்புக் கணக்கைக் கெட்டவன் போட்டால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். நல்லவர் போட்டால் அவருக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. சின்னபொண்ணு மோர் கொடுத்தாள்.

சேதி அன்று மாலையே திண்டிவனத்தில் இருந்த இளவரசிக்குப் போனில் வந்தது. சொன்னது அவள் அண்ணன் நடராசன். இளவரசி ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறாள். பதினான்கு வருடமாக எடுக்கிறாள். கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"குழிக்கு எத்தினி வெதை போட்டாங்கன்னு அந்த ஆபீசர் கேட்டாரா?"

"கேக்கலியே. ரெண்டுதான் போட்டோம். நம்மூர்ல எவன் ஒத்தை வெதை போடுவான்?"

அது உண்மை. பக்கத்தில் இருக்கிற வல்லத்தைச் சுற்றி எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, எல்லோரும் குழிக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். இவர்கள் ஊரில் மட்டும் ஜோடிதான். ஒத்தை விதை போட்ட வீட்டில் ஒத்தை ஆள்தான் மிஞ்சும் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். விதை விற்கிற விலைக்கு இது கிறுக்குத்தனம் என்று வேளாண்மைப் படிப்பு படித்தவர்கள் வந்து சொல்லிப் பார்த்தாயிற்று. புருசனைப் பறிகொடுத்த சின்னபொண்ணுகூட ஒத்தை விதை போட மாட்டாள். அவளுக்குத்தான் அதிலே பயம் அதிகம்.

"அப்ப அந்த ஆளு எண்ணினது குழியை. வெதையை இல்ல" என்றாள் இளவரசி. "ஒரு குழி வெறுமையா இருக்கணும்னா ரெண்டு வெதையும் செத்துருக்கணும். ஒண்ணு சாகற வாய்ப்பை அதே வாய்ப்பால பெருக்கினா முப்பத்தாறு பங்கு வருது. எதை எதால பெருக்கினா பாயிண்ட் முப்பத்தாறு? பாயிண்ட் ஆறு. நூறு வெதையில அறுபது செத்துப் பூட்டுதுண்ணே. மொளைச்சது நாப்பதுதான்."

மறுமுனையில் நடராசன் அந்த எண்ணைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பிறகு, "அத்த அப்படியே எழுதிக் குடு பாப்பா. வெள்ளிக்கிழமை விழுப்புரத்துல விசாரணை வெச்சிருக்காங்க" என்றான்.

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அஸ்வினியின் ஞாபகம் வந்தது. விதை வாங்கியது அஸ்வினியின் கடையில். விழுப்புரம் கல்லூரியில் மூன்று வருடம் இளவரசியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் படித்தவள். புருசன் வீட்டை விட்டு வெளியே வந்து, திண்டிவனத்தில் ஒரு விதைக்கடை போட்டு, அந்தக் கடையே கதி என்று இருக்கிறாள். ஏழு வீட்டுக்கும் சேர்த்துப் பதினான்கு மூட்டை விதைக்காயை நடராசன்தான் பேசி வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரே தொகுப்பாக வந்த அந்த லாட் முழுவதும் அவர்கள் ஊருக்கே வந்தது, வேறெங்கும் போகவில்லை. முளைப்பு கெட்டதும் ஊரில் நாலு பேர் போய் அஸ்வினியின் கடைப் பலகையில் சாணியை அடித்துவிட்டு வந்தார்கள். கடையில் மூட்டையைச் சரியாக வைத்திருக்கவில்லை என்று விசாரணையில் முடிவானால் லைசென்ஸ் போய்விடும். இளவரசிக்கு வருத்தம்தான். ஆனால் எண் எண்தானே, அதற்குச் சிநேகிதம் தெரியுமா என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனாள். வாசலில் கட்டியிருந்த பசு எதையோ பச்சையாக மென்றுகொண்டிருந்தது. அண்ணி வெள்ளையம்மாள் வாளியோடு வந்தவள் தொட்டியோரம் கிடந்த தழையின் மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, "வா இளவரசி, டீ குடிக்கிறியா?" என்றாள்.

"கொல்லையெல்லாம் எண்ணிட்டு வந்து குடிக்கிறேன் அண்ணி."

"எல்லாத்தையுமா?"

"ஒரு கொல்லையோட கணக்கைக் குடுத்தா அத்த ஒத்துக்க மாட்டாங்க."

ஆய்வு முடியும்வரை யாரும் காலிக் குழியில் மறுவிதை போடக்கூடாது என்று நடராசன் ஊருக்குள் சொல்லி வைத்திருந்தான். அவன் சொன்னால் ஏழு வீடும் கேட்கும். அதனால் கொல்லைகள் முளைத்தது முளைத்தபடி கிடந்தன. சின்னபொண்ணு கூடவே வந்தாள். ஒவ்வொரு கொல்லையிலும் நடுவில் நூறு குழி. சின்னபொண்ணு குழியைப் பார்த்து, "இல்ல", "ஒண்ணு", "ரெண்டு" என்று சொல்லச் சொல்ல இளவரசி கோடு போட்டாள். "இல்ல" என்று சொல்லும்போதெல்லாம் சின்னபொண்ணுவின் குரல் இறங்கியது. இருந்த ஒரு ஏக்கரில் இந்தப் போகம் போனால் அடுத்த போகத்துக்கு அவள் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும்.

"நடராசன் மட்டும் இல்லேன்னா எங்கள யாரு கேக்கப்போறாங்க, சொல்லு" என்றாள் நடுவில். "அவரு கொல்லையும் இப்படித்தான் பூட்டுது. அப்பக்கூட எங்களுக்காக அலையறாரு."

ஆறு கொல்லை, அறுநூறு குழி. வெறுங்குழி இருநூற்றுப் பத்தொன்பது. ஒன்று முளைத்தது இருநூற்று எண்பத்து மூன்று. இரண்டும் முளைத்தது தொண்ணூற்றெட்டு.

இளவரசி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்கைப் போட்டாள். ஒரு விதை முளைக்கும் வாய்ப்பு நாற்பது சதவீதம் என்றால், அறுநூறு குழியில் இரண்டும் முளைத்த குழி தொண்ணூற்றாறு இருக்க வேண்டும். தொண்ணூற்றெட்டு இருந்தது. ஒன்று மட்டும் முளைத்தது இருநூற்று எண்பத்தெட்டு இருக்க வேண்டும். ஐந்துதான் குறைவு. பதினான்கு வருடம் கரும்பலகையில் எழுதி அழித்த சூத்திரம் செம்மண்ணில் முளைத்து நிற்பதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்திலேயே சின்னபொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்பட்டதற்கு இளவரசி வெட்கப்பட்டாள்.

ஏழாவது கொல்லை நடராசனுடையது. ஏரிக்கரைக்கு அந்தாண்டை, முள்வேலி போட்ட கொல்லை. "அதுவும் அப்படித்தாம்மா கெடக்குது, அத்த வேற எண்ணணுமா?" என்று அவன் காலையிலேயே சொல்லியிருந்தான். அதிகாரியும் அதை வரப்பிலிருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் மனுவில் ஏழு கையெழுத்து இருக்கும்போது ஆறு கொல்லைக் கணக்கைக் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று இளவரசிக்குப் பட்டது. சின்னபொண்ணுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் போனாள்.

நூறு குழி எண்ணினாள். வெறுமை முப்பத்தைந்து. சரி, மற்றவர்களைப் போலத்தான். ஒன்று முளைத்தது இருபத்திரண்டு. இரண்டும் முளைத்தது நாற்பத்து மூன்று.

எண்ணியதில் தப்பு என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விடை புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் முதலில் கூட்டலைப் பார் என்றுதான் சொல்வாள். கூட்டலைப் பார்த்தாள். வேறு பக்கம் போய் இன்னொரு நூறு எண்ணினாள். முப்பத்தேழு, இருபத்தொன்று, நாற்பத்திரண்டு. மற்ற கொல்லைகளில் இரட்டையைப் போல மூன்று மடங்கு ஒற்றை இருந்தது. இங்கே ஒற்றையைப் போல இரண்டு மடங்கு இரட்டை. நாற்பது சதவீதம் முளைத்த விதையில் நூற்றுக்குப் பதினாறு ஜோடிக்கு மேல் வர வழியே இல்லை.

வெறுங்குழியை மறந்துவிட்டு, ஒற்றைக்கும் இரட்டைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் வைத்து அந்தத் தெரியாத எண்ணைத் தேடினாள். ஒற்றை இரண்டு விதமாக வரும், முதல் விதை பிழைத்தும் வரும், இரண்டாவது பிழைத்தும் வரும்; ஆகவே இரட்டை ஒற்றையைப் போல இரண்டு மடங்கு என்றால், முளைக்கும் வாய்ப்பு சாகும் வாய்ப்பைப் போல நாலு மடங்கு. அப்படியானால் ஐந்தில் நாலு. எண்பது சதவீதம். இந்தக் கொல்லையில் விழுந்த விதை எண்பது சதவீதம் முளைத்திருக்கிறது. வெறுங்குழி நூற்றுக்கு நாலுதான் இருந்திருக்க வேண்டும். மிச்சம் முப்பத்துச் சொச்சம் குழி எங்கிருந்து வந்தது?

குனிந்து ஒரு வெறுங்குழியை விரலால் கிளறினாள். மண் பொலபொலவென்று இருந்தது. அறுந்த வேர் ஒன்று கையோடு வந்தது. அடுத்த குழியிலும் அப்படியே. காலையில் பசு என்ன தின்றுகொண்டிருந்தது என்பதும், அண்ணி ஏன் அவசரமாகச் சாக்கை இழுத்துப் போட்டாள் என்பதும் அப்போது புரிந்தது.  வெயிலில் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது நடராசன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் சாக்கைத் தூக்கினாள். வாடிய மல்லாட்டைச் செடிகள், வேரும் மண்ணுமாக.

"அண்ணே, ஒங்கொல்லையில எண்பது மொளைச்சிருக்கு."

"யாரு சொன்னா?"

"குழி சொல்லுது. நீ புடுங்கினதெல்லாம் ஜோடி ஜோடியா, குழி குழியாப் புடுங்கியிருக்கே. ரெண்டுல ஒண்ண விட்டுட்டு ஒண்ணப் புடுங்கியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது."

நடராசன் வாளியைக் கீழே வைத்தான். "ஜோடியில ஒண்ண மட்டும் எப்படிம்மா புடுங்கறது?" என்றான். பொய் சொல்ல வந்தவன் அந்த ஒன்றை மட்டும் உண்மையாகக் கேட்டான்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. டெம்போவில் வந்த மூட்டைகளைப் புதிதாகப் போட்ட ஷெட்டில் அடுக்கியிருக்கிறான். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் பேய்மழை. தகரத்தில் ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகிப் பன்னிரண்டு மூட்டை நனைந்து போனது. மூலையிலிருந்த இரண்டு மூட்டை மட்டும் தப்பியது. நனைந்ததை யாருக்கும் தெரியாமல் ஷெட்டுக்குப் பின்னால் கொட்டி மூன்று நாள் காய வைத்து மறுபடி மூட்டை கட்டியிருக்கிறான். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

"காய வெச்சா சரியாப் பூடும்னுதான் நெனச்சேன். சத்தியமா."

"அப்படி நெனச்சவன் நனையாத ரெண்டு மூட்டைய ஏன் நீ எடுத்துக்கினே?"

நடராசன் வாளியை எடுத்து மறுபடி தொட்டியில் ஊற்றினான். பசு கழுத்தை ஆட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தது. வெள்ளையம்மாள் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. விதை வந்த அன்று ஊரே தன்னை நம்பி நின்றதையும், ஒழுகின ஷெட்டைக் காட்ட வெட்கமாக இருந்ததையும், மற்றவர்களின் கொல்லை பொட்டல் பொட்டலாகக் கிடக்கத் தன் கொல்லை மட்டும் பச்சையாக எழும்பியதைப் பார்த்துப் பயந்துபோனதையும் நடராசன் விட்டு விட்டுச் சொன்னான். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் விடிகாலையில் புருசனும் பெண்டாட்டியும் போய்ப் பிடுங்கியிருக்கிறார்கள். "பச்சைப் பயிரு இளவரசி. கை வரல. அவ அழுதுக்கினேதான் புடுங்கினா."

அவனை அறைய வேண்டும் போல இளவரசிக்கு இருந்தது. கூடவே, அப்பா செத்த வருடம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பிற்பாடு தினமும் காலையில் அவளைச் சைக்கிளில் வைத்து எட்டு கிலோமீட்டர் மிதித்துக் காலேஜுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அந்த முதுகும் கண்ணில் நின்றது. இந்தக் கணக்கைப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சைக்கிள்தான்.

"ஊருல சொல்லிடவா?" என்று கேட்டான் நடராசன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "நீ சொல்லுன்னு சொன்னா இப்பவே போயி சொல்லிடறேன். அப்புறம் அடிச்சாலும் சரி."

அவன் நிஜமாகவே போயிருப்பான். அது இளவரசிக்குத் தெரியும். ஏழு வீட்டில் ஒருத்தரும் இனி அவன் வாசலை மிதிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். சின்னபொண்ணு நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றுவாள். அண்ணன் அதைத் தாங்க மாட்டான், பூச்சிமருந்து டப்பா ஷெட்டிலேயே இருக்கிறது என்றும் அவள் மனதில் ஓடியது.

"சொல்லாத" என்றாள். "நாளைக்கே டிராக்டர் விட்டுக் கொல்லைய உழுதுடு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி கொண்டுவந்து வைத்த டீயைக் குடிக்காமலே பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை விழுப்புரத்தில் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஊரார் பின்னால் நின்றார்கள். நடராசனுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. இளவரசி எழுதிய இரண்டு பக்கக் கணக்கை அந்த நல்ல அதிகாரி நிதானமாகப் படித்தார். ஜோடி விதை விசயம் புரிந்ததும், "நான் தப்பாத்தான் எடுத்துட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். கம்பெனி ஒட்டிய சீட்டில் முளைப்பு எண்பத்தொன்று என்று இருக்கிறது, கொல்லையில் நாற்பதுதான் வந்திருக்கிறது, அப்படியானால் இடையில் கடையில்தான் கெட்டிருக்க வேண்டும் என்றார்.

அஸ்வினி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணக்குத் தாளின் ஜெராக்ஸை அவளிடமும் கொடுத்தார்கள். அவள் அதைப் படித்த விதத்தை இளவரசி பார்த்தாள். கல்லூரியில் படித்தது போலவே, பேனா முனையை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தாள்.

"கணக்கு சரிங்க சார்" என்றாள் அஸ்வினி. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மனுவில கையெழுத்து ஏழு இருக்கு. கொல்லை ஆறுதான் எண்ணியிருக்கு."

எல்லோரும் இளவரசியைப் பார்த்தார்கள்.

"ஏழாவது கொல்லைய உழுதாச்சு" என்றாள் இளவரசி. அது பொய் இல்லை.

"எப்போ?"

"திங்கக்கிழமை."

அஸ்வினி அவளையே பார்த்தாள். பிறகு பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். மேலே ஏதாவது கேட்கிறாயா அம்மா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லீங்க சார் என்றாள். உத்தரவு ஒரு வாரத்தில் வரும், லைசென்ஸ் ரத்தாகும், ஆட்சேபணை இருந்தால் அதற்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சின்னபொண்ணு வெளியே வந்து இளவரசியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இளவரசி கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.

திண்டிவனம் பஸ்ஸில் கூட்டம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த இளவரசியின் பக்கத்தில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அஸ்வினி கடைசியாக ஏறினாள், சுற்றிப் பார்த்தாள், வந்து அங்கேயே உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்ததும், "திண்டிவனம் ரெண்டு" என்று நோட்டை நீட்டினாள். கல்லூரியில் படித்த மூன்று வருடமும் யாரிடம் கண்டக்டர் முதலில் வருகிறாரோ அவள்தான் இரண்டு டிக்கெட்டும் எடுப்பாள். பழக்கம். கொடுத்த பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது போல இருந்தது.

முண்டியம்பாக்கம் போயிற்று. 

"எத்தினி மூட்டை நனைஞ்சுது?" என்று கேட்டாள் அஸ்வினி. முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

இளவரசி சட்டென்று திரும்பினாள். "நனைஞ்சுதுன்னு யாரு சொன்னா?"

"நான் பத்து வருசமா வெதை விக்கிறேன்டி. எண்பது நாப்பதா ஆவணும்னா தண்ணி பட்டிருக்கணும். எங்கடையில ஒழுகல. டெம்போ வந்த அன்னிக்கு மழை இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏழாவது கொல்லையில ஜோடி எத்தினி இருந்துச்சு? நீ எண்ணாம வந்திருக்க மாட்டே."

இளவரசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். 

"நடராசண்ணன் ஒரு போன் பண்ணியிருந்தா போதும்" என்றாள் அஸ்வினி. குரலில் கோபம் இல்லாதது இன்னும் கொடுமையாக இருந்தது. "மழையில நனைஞ்சுதுன்னு வருசா வருசம் நாலு பேரு மூட்டையத் திருப்பிக்கினு வர்றாங்க. கம்பெனிக்காரன் எடுத்துக்கினு வேற மூட்டை குடுத்துடுவான். அவனுக்கு அது பெரிய விசயமே இல்ல. பன்னெண்டு மூட்டையா இருந்தாலும் மாத்திக் குடுத்திருப்பேன். இதுக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா?"

அவள் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்னாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா என்று இளவரசிக்குத் தெரியவில்லை. தொட்டிப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு "சொல்லிடவா?" என்று கேட்ட அண்ணன் மட்டும் கண் முன்னால் நின்றான். அவன் கேட்டான். வேண்டாம் என்று சொன்னது அவள்தான்.

அவள் மடியிலிருந்த கைப்பைக்குள் ஏழாவது கொல்லையின் கோடுகள் போட்ட தாள் நாலாக மடித்து இருந்தது. முப்பத்தைந்து, இருபத்திரண்டு, நாற்பத்து மூன்று. கிழித்துப் போட மனசு வராமல் வைத்திருந்தாள். அதை எடுத்துப் பக்கத்தில் நீட்டினால் போதும், மிச்சத்தை அஸ்வினியே போட்டுக்கொள்வாள். ஆட்சேபணை எழுத ஒரு வாரம் இருக்கிறது.

விக்கிரவாண்டி வந்தது. சுங்கச்சாவடியில் பஸ் வெகுநேரம் நின்றது. அஸ்வினி கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தாள். இளவரசியின் விரல் பையின் ஜிப்பின் மேல் இருந்தது. திண்டிவனம் வந்து எல்லோரும் இறங்கும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது.